பதினெட்டாம் அத்தியாயத்திலிருந்து

பிப்ரவரி 4, ஞாயிறு

கதை வாசிக்கிற அம்மாவுக்கு,

வணக்கம். ஒன்பதாம் அத்தியாயம் வாசித்தபோது உங்களுக்கு இருந்த சளி விட்டுவிட்டதா? அன்றைக்கு நீங்கள் ஓய்வெடுத்திருக்க வேண்டும்.

யார் எவர் என்று சொல்லாமலே நலம் விசாரிக்கிறேன், மன்னிக்கவும். நான் லாரி மெக்கானிக்காக இருந்தவன். எழுபத்திரண்டு வயது. எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் வீட்டுக்குக் கீழே மருந்துக்கடை வைத்திருக்கிற தங்கச்சிதான் இதை எழுதுகிறாள். நான் சொல்வதையும் எழுதுவாள், சொல்லாததையும் எழுதுவாள். (சொல்லாததை அடைப்புக்குறிக்குள் மட்டும்தான் எழுதுவேன். — மருந்துக்கடை)

மாத்திரைகளை அடுக்கும்போது அவள் போனில் கதை ஓடும். போன மாதம் முட்டிவலிக்குத் தைலம் வாங்கப் போனேன். ஒரு பெண் குரல், "படகு வரலைன்னா நான் என்னங்க பண்றது? டிக்கெட்டைத் திருப்பி வாங்க மாட்டேன், அடுத்த படகுக்கு நில்லுங்க" என்றது. நான் அப்படியே நின்றுவிட்டேன். அந்த வரி எனக்குத் தெரியும். ஆறரை வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரி அடுப்படியில் உட்கார்ந்து அதை வாசித்துவிட்டுத் தானாகச் சிரித்தாள். "என்னத்துக்கு சிரிக்கிற?" என்று கேட்டேன். படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கிற பெண்ணையும், அங்கே பாலம் கட்ட அளவெடுக்க வந்தவனையும் பற்றிச் சொன்னாள். பாலம் வந்தால் படகு போய்விடும், அவள் வேலையும் போய்விடும், அவனுக்கோ அவளைப் பிடித்துவிட்டது. ஒரு தடவை காதில் விழுந்தால் எனக்குப் போகாது. (உண்மை. போன வருஷம் மூன்று மாத்திரை குறைத்துக் கொடுத்ததை இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.)

முழுக் கதையையும் நான்கு தடவை கேட்டாயிற்று. ஐம்பது வருஷம் இஞ்சின் சத்தம் கேட்டவன் நான். மூடியைத் திறக்கும் முன்பே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவேன். உங்களையும் அப்படித்தான் கேட்டேன். ஐந்தாம் அத்தியாயத்தின் நடுவில் எழுந்து போய்விட்டு மறுநாள்தான் வந்திருக்கிறீர்கள். முதல் நாலு வரி காலையில் ஸ்டார்ட் ஆன வண்டிபோல இருக்கிறது. அளவெடுப்பவனுக்காக நீங்கள் குரலைத் தடிக்க வைக்கவில்லை. கொஞ்சம் மெதுவாக்கினீர்கள், அவ்வளவுதான். எதையும் அளந்து பார்த்துப் பேசுகிறவன் அப்படித்தானே பேசுவான்? இருபதாம் அத்தியாயத்தில், கடைசிப் படகு போகிற நாளில், "என்கூட வர்றீங்களா?" என்று அவன் கேட்டதும் நீங்கள் நிறுத்தினீர்கள் பாருங்கள். எண்ணினேன், நாலு மூச்சு. போன் செத்துவிட்டது என்று நினைத்து ஒரு தட்டுத் தட்டினேன். (என் போன்.)

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் வீட்டுக்காரி பதினேழு அத்தியாயம்தான் படித்தாள். மிச்சம் நாலும் என்னால் போயிற்று. கையில் எண்ணெய் இருந்தது துடைக்கத் துணி கிடைக்கவில்லை அங்கே ஒரு புத்தகம் கிடந்தது படிக்கத் தெரியாதவனுக்கு எல்லாத் தாளும் ஒன்றுதானே கிழித்துத் துடைத்துவிட்டேன். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வாரம் மகளுக்குப் பிரசவம் என்று உதவிக்குப் போனாள். பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். அவள் வரவில்லை. சண்டை என்றால் சமாதானம் பேசலாம். போனில், "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்பாள், போட்டேன் என்பேன், போன் மகள் கைக்குப் போய்விடும்.

மகளிடம் சொல்லி அவளுக்கு உங்கள் குரலைப் போட்டுக் காட்டச் சொன்னேன். பதினெட்டாம் அத்தியாயம் தொடங்கியதும் "நிறுத்து" என்று சொல்லிவிட்டு, துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்க மாடிக்குப் போய்விட்டாளாம்.

அதனால் ஒரு உதவி. நீங்கள் அவளிடமே பேச வேண்டும். "அம்மா, உங்கள் வீட்டுக்காரர் தெரியாமல் செய்துவிட்டார், வீட்டுக்கு வாருங்கள்" என்று அந்தக் குரலில், அந்த நாலு மூச்சோடு வாசித்து அனுப்புங்கள். கல்லும் கரையும்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
மெக்கானிக்
(கைரேகை)


பிப்ரவரி 19

அன்பு மெக்கானிக் ஐயாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் பதிப்பகம் போய், அங்கே ஒரு மேஜையில் படுத்திருந்து, நேற்றுதான் என்னிடம் வந்தது. சளி விட்டுவிட்டது. பதிவைச் சரிபார்த்தவருக்கோ, எனக்குப் பணி கொடுத்தவருக்கோ, யாருக்கும் தெரியாத சளி அது. கடிதத்தைப் படித்ததும் திருட்டு பிடிபட்டவளைப்போல சுற்றுமுற்றும் பார்த்தேன்.

பதினோரு வருடமாக ஒலிப்புத்தகங்களுக்கு வாசிக்கிறேன். வருகிற கடிதமெல்லாம் கதை எழுதியவர்களுக்கு. குரலுக்கு என்று வந்தது உங்களுடையதுதான். அதனால் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் வாசிப்பது ஒரு பழைய துணி அலமாரிக்குள். சுற்றிலும் கம்பளி தொங்கும். சத்தம் வரும் என்பதால் மின்விசிறி கிடையாது, வளையல் கிடையாது. வயிறு உறுமினால் அதுவும் பதிவாகும் என்று வாழைப்பழம் தின்றுவிட்டு உட்காருவேன். முதலில் முழுக் கதையையும் எனக்காகப் படிப்பேன். பிறகு பென்சிலால் கோடு போடுவேன். ஒரு கோடு என்றால் மூச்சு. இரண்டு கோடு என்றால் நிற்க வேண்டும். காதல் கதையில் வாசிப்பவள் காதலிக்கக் கூடாது, ஐயா. அழுகிற வரியை நான் அழுதுகொண்டே வாசித்தால், கேட்கிறவருக்கு அழ இடம் இருக்காது. அந்த நாலு மூச்சில் நான் ஒன்றுமே செய்யவில்லை. விலகிக்கொண்டேன், அவ்வளவுதான். அந்த இடத்தில் உங்கள் காதில் என்னவோ பேசியிருக்கிறது. அதைப் பேசியவள் நானில்லை.

சரி, நீங்கள் கேட்ட உதவி. கைக்கு வரும் எதையும் சத்தமாக வாசித்துப் பார்ப்பது என் பழக்கம். உங்கள் கடிதத்தையும் வாசித்தேன். சளி, தைலம், டிக்கெட், மாத்திரைக் கணக்கு, எல்லாம் வாயில் அழகாக உட்கார்ந்தன. புத்தகம் கிழித்த இடம் மட்டும் உட்காரவில்லை. அங்கே கோடு போட ஒரு இடமும் இல்லை. எழுதியவரும் ஒரு புள்ளி வைக்கவில்லை. நீங்கள் மூச்சு விடாமல் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு இஞ்சின் தெரியாது. ஆனால் மனிதர்கள் எந்த இடத்தைச் சீக்கிரம் தாண்டிப் போகப் பார்ப்பார்கள் என்று தெரியும்.

அந்த இடத்தை இன்னொரு தடவை சொல்லுங்கள். பிறகு வாசிப்பதைப் பற்றிப் பேசலாம்.

மரியாதையுடன்,
வாசிப்பவள்


மார்ச் 3, ஞாயிறு

வாசிக்கிற அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைத் தங்கச்சி வாசித்ததும் எனக்குக் கோபம் வந்தது. பதில் எழுத வேண்டாம் என்று மாடிக்கு வந்துவிட்டேன். (என் கடைக் கதவைப் படார் என்று சாத்திவிட்டுப் போனார். ஒரு வாரம் தைலம்கூட வேறு கடையில் வாங்கினார்.)

இன்று வந்து, "எழுதிக்க" என்றேன்.

"என்னத்த எழுதிக்க?"

"அந்தம்மா சொன்னது சரிதான்னு எழுது."

"அது எனக்கு அன்னிக்கே தெரியும்ண்ணே. மேல சொல்லுங்க."

சொல்கிறேன். அன்றைக்கு ஷெட்டில் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "அண்ணே, கை நடுங்குது, இனி வீட்டுல இருந்து ரெஸ்ட் எடுங்க" என்றார். நல்லவர்தான். டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் சொன்னார். மதியம் மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தேன். கல்யாணமான முப்பத்தெட்டு வருஷத்தில் அந்த நேரத்துக்கு நான் வீட்டுக்கு வந்ததே இல்லை. அவள் நாற்காலியில் கால் நீட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். "ஒரு விஷயம்" என்றேன். "இருங்க, இந்தப் பக்கத்தை முடிச்சுடறேன்" என்றாள். நின்றேன். அவள் கண் மேலிருந்து கீழே இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பக்கம் முடிந்தது. திருப்பினாள். மேலே படித்தாள்.

அவ்வளவுதான் அம்மா. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

பால் பொங்குகிறது என்று எழுந்து உள்ளே போனாள். படித்த இடத்தில் கொண்டை ஊசியைச் செருகி வைத்துவிட்டுப் போனாள். படிக்கத் தெரியாதவனுக்கு அந்த அடையாளமா தெரியாது? ஊசிக்கு இந்தப் பக்கம் இருந்ததை விட்டுவிட்டேன். அந்தப் பக்கம் இருந்ததை மொத்தமாகப் பிடித்துக் கிழித்தேன். அவள் வந்து பார்த்தபோது அந்தத் தாளில் கை துடைத்துக்கொண்டிருந்தேன். "எண்ணெய்" என்றேன். எண்ணெய் ஏது? அன்று நான் ஒரு வண்டியையும் தொடவில்லை. சுத்தமான கையைத் துடைத்தேன்.

வேலை போனதை நான் சொல்லவே இல்லை. பக்கத்து வீட்டில் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது.

எனக்கு அந்தப் புத்தகங்களின்மேல் பொறாமை. என்னோடு இருக்கும்போது வராத சிரிப்பு அவளுக்கு அதில் வந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இப்போது உங்களால் தெரிந்துவிட்டது. அதில் யாரும் எனக்கு எதிரி இல்லை. (இந்த இடத்தில் எழுந்து வாசலில் போய் நின்றார். நானும் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.)

உண்மையைச் சொல்லிவிட்டேன். இப்போது "தெரியாமல்" என்பதை எடுத்துவிட்டு, "தெரிந்தேதான் செய்தார், வீட்டுக்கு வாருங்கள்" என்று வாசித்து அனுப்புங்கள். உங்கள் காலில் விழுந்து கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். (முட்டிவலி. விழ முடியாது.)

மெக்கானிக்
(கைரேகை)


மார்ச் 14

அன்பு ஐயா,

உங்கள் கடிதம் வந்த அன்றே அலமாரிக்குள் போய் உட்கார்ந்தேன். மூன்று தடவை வாசித்துப் பதிவு செய்தேன். மூன்றையும் அழித்துவிட்டேன்.

சரியாக வரவில்லை என்பதால் அழிக்கவில்லை. ரொம்ப நன்றாக வந்துவிட்டது. "சுத்தமான கையைத் துடைத்தேன்" என்ற இடத்தில் நான் நிறுத்திய விதத்தைக் கேட்டு எனக்கே கண் கலங்கியது. அங்கேதான் பயம் வந்தது. அம்மா அதைக் கேட்டால், யாரோ ஒருத்தி எவ்வளவு அழகாகச் சொல்கிறாள் என்று நினைப்பார்கள். என் குரல் உங்கள் தப்பைக் கழுவித் துடைத்துச் சட்டம் போட்டு மாட்டிவிடும். ஆறு வருடம் காத்திருந்தவருக்குக் கொடுக்கிற பொருளா அது? காசு கொடுத்துக் கேட்கிற கதைக்கு என் குரல் போதும். இதற்கு வாய் உங்களுடையதுதான் வேண்டும்.

என்மேல் கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. தைலம் மட்டும் அந்தக் கடையிலேயே வாங்குங்கள்.

ஒன்று செய்யலாம். உங்களுக்குத்தான் காதில் விழுந்தது போகாதே. பதினெட்டிலிருந்து இருபத்தொன்று வரை உங்கள் தலைக்குள் இருக்கிறது. போன் செய்து நீங்களே சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த தொழிலைக் கொஞ்சம் தருகிறேன்:

என்னைப்போலப் பேச முயலாதீர்கள். டிக்கெட்டுக்காரிக்குப் பெண் குரல் வேண்டாம். அவளை மனதில் பார்த்துக்கொண்டு சொன்னாலே போதும், குரல் தானாக அவளாகும். ஊருக்கே சொல்வதுபோலச் சொல்லாதீர்கள். ஒருவருக்குச் சொல்லுங்கள், அந்த ஒருவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்துகொண்டு சொல்லுங்கள். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். தடுமாறினால் மன்னிப்புக் கேட்காமல் அந்த வரியின் தலையிலிருந்து மறுபடி வாருங்கள், நானும் அப்படித்தான் செய்கிறேன். அவர் பேசாமல் இருந்தால் அவசரப்பட்டு நிரப்பாதீர்கள். அது உங்கள் நேரமில்லை, அவருடைய நேரம்.

கதைக்கு முன்னால், கையில் எண்ணெய் இல்லை என்பதைச் சொல்லிவிடுங்கள். அதைச் சொல்லாமல் சொல்கிற கதையில் மூச்சு வராது.

என்ன ஆயிற்று என்று எழுதுவீர்கள்தானே? கேட்பவர் யார் என்று தெரியாமலே பதினோரு வருடம் வாசித்துவிட்டேன். இப்போது அலமாரிக்குள் போனால், வால்வு எங்கே இடிக்கிறது என்று யாரோ காது வைத்திருக்கிறார் என்ற நினைப்பு. முன்னைவிடக் கவனமாக வாசிக்கிறேன்.

அன்புடன்,
வாசிப்பவள்


மே 26, ஞாயிறு

வாசிக்கிற அம்மாவுக்கு,

ரொம்ப நாள் எழுதவில்லை. மன்னிக்க வேண்டும். எழுத்து மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தங்கச்சியின் எழுத்து எறும்பு ஊர்ந்ததுபோல இருக்கும் என்பார்கள், எனக்குத் தெரியாது. இன்று எழுதுகிற கை வேறு. யார் என்று சொல்லவா? (சொல்ல வேண்டியதில்லை. இவருடைய வீட்டுக்காரிதான். வணக்கம் அம்மா. நான்கு கடிதங்களையும் மருந்துக்கடையில் உட்கார்ந்து படித்துவிட்டேன். இவருடையதற்கு அந்தத் தங்கச்சி நகல் வைத்திருந்தாள்.)

நடந்ததைச் சொல்கிறேன். ஒரு நாள் சாயங்காலம் நாலு மணிக்கு போன் செய்தேன். மாத்திரை போட்டீங்களா என்று கேட்டாள். "போட்டேன். மகள்கிட்ட குடுக்காதே" என்றேன். என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டாள்.

"எங்க உக்காந்திருக்க?" என்று கேட்டேன்.

"எதுக்கு?"

"சும்மா சொல்லேன்."

"கட்டில்ல. துணி மடிச்சிட்டிருக்கேன்."

"அன்னிக்கு என் கையில எண்ணெய் இல்லை."

போன் சும்மா இருந்தது. நீங்கள் சொன்னபடி நானும் சும்மா இருந்தேன். நாலு மூச்சு எங்கே, நாற்பது இருக்கும். (இருபது இருக்கும்.)

"தெரியும். தாள்ல கறை இல்லையே" என்றாள்.

"வேலை போயிடுச்சுன்னு சொல்லத்தான் வந்தேன். நீ பக்கத்தைத் திருப்பிட்ட."

"திருப்பினேன்தான்" என்றாள். இவ்வளவுதான் சொன்னாள். ஆனால் அம்மா, அந்த ஒரு வார்த்தையில் ஆறு வருஷம் இருந்தது. துணி மடிக்கிற சத்தம் நின்றுபோயிற்று. அது எனக்குக் கேட்டது. (நான் அழுததாக எழுதச் சொன்னார். அழவில்லை. அழுதவர் இவர்.)

"மிச்சக் கதையைச் சொல்லட்டுமா?" என்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு நாளைக்குக் கொஞ்சமாகப் பதினோரு நாள் சொன்னேன். மூன்றாம் நாள் அவளே போன் செய்து, "ஏன் லேட்டு?" என்றாள். எனக்குக் கதை சொல்ல வரவில்லை. வால்வு, பிஸ்டன் என்று சொல்லிப் பழகிய வாய். தண்ணீர் குடித்துக் குடித்துச் சொன்னேன். இருபதாம் அத்தியாயத்தில்தான் வம்பு வந்தது. அவன் "என்கூட வர்றீங்களா?" என்று கேட்டதும் டிக்கெட்டுக்காரி தலையைக் குனிந்துகொண்டாள் என்று சொன்னேன்.

"அந்தப் பொண்ணா? அவ குனிய மாட்டா" என்றாள்.

"குனிஞ்சா. நான் நாலு தடவை கேட்டிருக்கேன்."

"நாற்பது தடவை கேட்டாலும் குனிய மாட்டா. பதினேழு அத்தியாயம் நான் படிச்சிருக்கேன். உங்களுக்கு அவளைத் தெரியாது."

ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். எவ்வளவு வருஷமாயிற்று அம்மா, எங்களுக்குள் ஒரு சண்டை வந்து! "அப்ப வந்து நீயே கேளு" என்று கத்திவிட்டு போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. உங்கள் நாலு மூச்சும் இல்லை, மெதுவும் இல்லை. வீட்டுக்கு வா என்பதை ஒரு சண்டைக்காரன் மாதிரிக் கேட்டிருக்கிறேன்.

அந்தச் சண்டை நடந்த ஒன்பதாம் நாள் வந்து இறங்கினாள். பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு, "போடுங்க அதை" என்றாள். இரண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்து இருபதாம் அத்தியாயத்தை உங்கள் குரலில் கேட்டோம். அந்தப் பெண் குனியவில்லை. நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். நான்தான் தப்பாகச் சொல்லியிருக்கிறேன். என் ஞாபகம் தப்பியது வாழ்க்கையில் இந்த ஒரு தடவைதான். (இரண்டாவது. எங்கள் கல்யாணப் புடவையின் நிறத்தையும் தப்பாகத்தான் சொல்வார்.) கேட்டு முடித்துவிட்டு, "நல்லா வாசிக்கிறாங்க. கூட ஒரு வார்த்தை இல்லை" என்றாள். இவள் யாரையும் லேசில் பாராட்ட மாட்டாள்.

இப்போது ஒன்று சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் எழுதவில்லை. உங்கள் அடுத்த கதை வந்துவிட்டது என்று தங்கச்சி சொன்னாள். நான் கேட்கவில்லை. இனிமேலும் கேட்க மாட்டேன் என்று தோன்றுகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தினமும் மதியம் இவள் எனக்கு வாசிக்கிறாள். உங்கள் கால் தூசிக்கு ஆக மாட்டாள். (இதையும் எழுதுகிறேன்.) ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே குரல். சிரிப்பு வருகிற இடத்துக்கு முன்னாலேயே சிரித்துவிடுவாள். நடுவில் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டு வந்து வேறு வரியிலிருந்து தொடங்குவாள். எங்கே மூச்சு, எங்கே நிறுத்தம், எந்தக் கோடும் கிடையாது. உங்களை நாலு தடவை கேட்ட காதுக்கு இது கரடுமுரடான ரோட்டில் போகிற வண்டி.

ஆனால் பக்கம் முடிந்ததும் திருப்புவதில்லை அம்மா. விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்து, "கேக்கறீங்களா?" என்கிறாள். கேக்கறேன் என்று நான் சொன்ன பிறகுதான் திருப்புகிறாள்.

(பாதி நேரம் தூங்கிவிடுகிறார். அப்போதும் கேட்டுவிட்டுத்தான் திருப்புகிறேன்.)

என்றும் நன்றி மறவாத,
மெக்கானிக்
(கைரேகை)
எழுதியவள், வீட்டுக்காரி